மேடு ஏறும் முன் ஒரு கணக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



கடந்த சில மாதங்களாக லிஃப்ட்டில் ஏறினாலும், தண்ணீர் லாரி வரும் நேரத்தில் கீழே நின்றாலும் என்னிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எலெக்ட்ரிக் வண்டி வாங்கலாம் என்று இருக்கிறோம், எது நல்லா இருக்கும்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக ஒரு முறை பேசிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். அதனால்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்துதான் வந்தது. இன்று ஐக்யூப் ஓசூரில் தயாராகிறது. ஏத்தர் 2021-இல் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கியது. அதே ஆண்டு ஓலா போச்சம்பள்ளியில் தொடங்கியது. 2023-இல் சிம்பிள் எனர்ஜி சூளகிரிக்கு வந்தது. எலெக்ட்ரிக் வண்டி நம் ஊர்ச் சரக்கு ஆகிவிட்டது. நம் குடியிருப்பிலேயே அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நம் ஊருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிங்காரப்பேட்டை மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். செங்கம் கணவாயின் வாயில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பக்கம் ஜவ்வாது மலை. திருப்பத்தூர் தாண்டினால் ஏலகிரி. விசேஷம், துக்கம், நிலம், கோயில், விடுமுறை என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக வருஷத்தில் சில முறையாவது மேடு ஏறுகிறவர்கள்தான் நாம். அதனால் சமவெளியில் இருப்பவர்கள் கேட்க வேண்டாத ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். அதைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் ஏமாந்த கதை

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். மோட்டார்தான் எனக்குச் சோறு போட்டது. அப்படிப்பட்ட நானே வீட்டுக்கு முதல் எலெக்ட்ரிக் வண்டி வாங்கும்போது ஏமாந்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. கணக்குப் போடாமல் நானே ஏமாந்தேன்.

என் மனைவிக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், விலையும் பாதி என்றதும் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்ன ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மூன்று மாதம் அருமையாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கிளம்பினார். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு மேடு. வண்டி மெதுவாகி, நடக்கிற வேகத்துக்கு வந்து, அப்புறம் நின்றே விட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகியும் நகரவில்லை. காலை ஊன்றுவதற்குள் வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. இரண்டு பேரும் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார்கள். மகளுக்கு வலது கை எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. பிறகு நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வண்டி அந்த மேட்டை இரண்டு பேரோடு ஏறியிருக்கவே முடியாது. வாங்கும் முன்பே ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். அந்த ஐந்து நிமிஷக் கணக்கை உங்களுக்குக் கொடுக்கத்தான் இவ்வளவும்.

250 வாட் என்றால் என்ன?

மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. அதனால்தான் லைசென்ஸ், பதிவு எதுவும் கேட்பதில்லை. அந்த விதியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 250 வாட் என்பது ‘அரை மணி நேரச் சக்தி’. அதாவது மோட்டார் சூடாகிக் கெடாமல் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. சில நொடிகளுக்கு அதைவிட அதிகமாக இழுக்கும். அதைத்தான் விளம்பரத்தில் ‘பீக்’ என்று போடுகிறார்கள். பாலம் ஏற, லாரியை முந்த பீக் போதும். மலை ஏற்றம் அரை மணி நேர வேலை. அங்கே கைகொடுப்பது தொடர் சக்தி மட்டும்தான்.

இப்போது என் வீட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். வண்டி 70 கிலோ. இரண்டு பேர் 130 கிலோ. மொத்தம் 200. நூறு மீட்டர் போனால் ஏழு மீட்டர் உயரும் மேடு. இதை ஏழு சதவீதச் சரிவு என்பார்கள். அந்த எடையை அந்த மேட்டில் தள்ள, டயர் உராய்வையும் சேர்த்தால், ஏறக்குறைய 165 நியூட்டன் விசை வேண்டும். 250 வாட் மோட்டாரில் வீணாவது போகச் சக்கரத்துக்கு 200 வாட் வந்தால் பெரிது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு நான்கரை கிலோமீட்டருக்கும் குறைவு. நாம் நடக்கிற வேகம். அவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது மோட்டார் மின்சாரத்தைச் சூடாக்கியே தீர்க்கும், அதனால் நடைமுறையில் அதுவும் வராது. வண்டி நிற்கும்.

அதே 250 வாட்டை ஒரு எலெக்ட்ரிக் சைக்கிளில் வைத்துப் பாருங்கள். சைக்கிள் 25 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ. மொத்தம் 95. அவர் மிதிப்பதில் ஒரு 100 வாட் சேரும். அதே ஏழு சதவீத மேட்டில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிவிடலாம். மோட்டார் ஒன்றுதான், எடைதான் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதனால் மேட்டைப் பொறுத்தவரை “எந்தக் கம்பெனி?” என்பது இரண்டாவது கேள்வி. “எத்தனை கிலோவை ஏற்றப் போகிறோம்?” என்பதுதான் முதல் கேள்வி.

துண்டுச் சீட்டுக் கணக்கு

பெரிய சூத்திரம் வேண்டாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மேடு ஏற எவ்வளவு மோட்டார் வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்:

மொத்த எடை (கிலோ) × சரிவு (சதவீதம்) + 600 = தேவையான தொடர் சக்தி (வாட்).

பதிவு எண் உள்ள ஸ்கூட்டர் 110 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ, மொத்தம் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு சதவீத மேட்டில் 250 × 7 = 1,750. அதோடு 600 சேர்த்தால் 2,350 வாட். பத்து சதவீத மேடு என்றால் 3,100 வாட். துல்லியமான விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டேன். ஷோரூமில் நிற்கும்போது கையில் இருக்க வேண்டிய அளவுக்கு இது போதும்.

நம் பக்கத்துச் சாலைகள் எவ்வளவு சரிவு? மலைச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு பொதுவாக 5 சதவீதம். இடம் நெருக்கடியானால் 7, மிகச் செங்குத்தான மலையில் 8. ஏலகிரியை எடுத்துக்கொள்வோம். பொன்னேரி அடிவாரம் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே 1,110 மீட்டர் என்பார்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளோடு 13 கிலோமீட்டர் அளவு ஏற்றம். 700 மீட்டரை 13 கிலோமீட்டருக்குப் பிரித்தால் சராசரி ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் வளைவின் உள்பக்கம் சராசரியைவிடச் செங்குத்தாக இருக்கும். நெடுஞ்சாலை விதிப்படி போடாத கிராமத்துச் சாலைகளும் அப்படித்தான். அதனால் கணக்குக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரண்டு பேராக மலைக்குப் போகிற வீட்டுக்கு 3 கிலோவாட் தொடர் சக்தி. பீக் அல்ல, தொடர் சக்தி. ஷோரூமில் “பீக் எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். “கன்டினியூவஸ் அல்லது ரேட்டட் எவ்வளவு?” என்று கேளுங்கள்.

இன்னொரு இடத்திலும் ஏமாறலாம். விளம்பரத் தாளில் ‘ஏறும் திறன்’ என்று ஒரு எண் இருக்கும். அது டிகிரியா சதவீதமா என்று பாருங்கள். 7 டிகிரி என்றால் ஏறக்குறைய 12 சதவீதம். இரண்டும் ஒன்றல்ல. அந்த எண் எத்தனை பேரோடு, எந்த வேகத்தில் எடுத்தது என்பதையும் கேளுங்கள்.

பேட்டரி தீர்ந்துவிடுமா?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். “மலை ஏறினால் பாதி வழியிலேயே சார்ஜ் காலி ஆகிவிடும்.” உண்மையில் மலையைவிட, மலைக்குப் போகிற சமவெளிச் சாலைதான் அதிகம் தின்கிறது.

250 கிலோவை 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, வீணாவதையும் சேர்த்து, சுமார் 0.6 யூனிட் மின்சாரம். 13 கிலோமீட்டர் உருளும் செலவையும் சேர்த்தால் 0.9 யூனிட் அளவு. ஏறும் பாதைக்கு அவ்வளவுதான். ஆனால் நம் ஊரிலிருந்து பொன்னேரிக்கே நாற்பது கிலோமீட்டரைச் சுற்றி வரும். இரண்டு பேரோடு ஐம்பது வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி என்று வையுங்கள். போக 1.2 யூனிட், வர 1.2 யூனிட். மொத்தம் 3.3 யூனிட். 3 யூனிட் பேட்டரி உள்ள வண்டி ஏலகிரி உச்சி வரை தாராளமாகப் போகும். திரும்பி வரும்போது திருப்பத்தூர் தாண்டித் திணறும். ஒன்று, 4 யூனிட் அளவு பேட்டரி வாங்க வேண்டும். இல்லாவிட்டால், மேலே சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் போட இடம் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் வரும் 150 கிலோமீட்டர், 180 கிலோமீட்டர் எல்லாம் சோதனைக்கூடத்தில் ஒரே மாதிரியான ஓட்டத்தில் எடுத்தவை. மேடு, எதிர்காற்று, பின்னால் ஒருவர் எதுவும் அதில் இல்லை. அந்த எண்ணை அப்படியே நம்பி மலைக்குக் கிளம்ப வேண்டாம்.

பேட்டரியில் லித்தியம் மட்டும் வாங்குங்கள். விலை குறைந்த சில வண்டிகளில் இன்னும் லெட்-ஆசிட் பேட்டரி வருகிறது. மேட்டில் ஒரேயடியாக அதிக மின்சாரம் இழுக்கும்போது அதன் வோல்டேஜ் தொய்ந்துவிடும், எடையும் அதிகம். என் வீட்டு வண்டியில் இருந்தது அதுதான்.

இறங்குவதுதான் ஆபத்து

ஏற முடியாவிட்டால் வண்டி நிற்கும். இறங்கும்போது பிரேக் போனால் நிற்காது. அதனால் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள்.

பெட்ரோல் பைக்கில் இறக்கத்தில் இரண்டாவது கியர் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் கியர் இல்லை. 250 கிலோ 700 மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட அரை யூனிட் சக்தி எங்காவது போயாக வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை அரை மணி நேரம் விடாமல் போட்டால் வரும் சூடு அது. அத்தனையும் பிரேக்கில் இறங்கினால் பிரேக் காய்ந்து பிடிமானம் குறையும்.

இதற்குத்தான் ‘ரீஜென்’ என்று ஒரு வசதி. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி வண்டியைப் பிடித்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மலைக்குப் போகிறவர்கள் இது இல்லாத வண்டியை வாங்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயம்: பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் அது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது, ரீஜென் வேலை செய்யாது. மலை மேல் தங்கி, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு இறங்குகிறவர்கள் முதல் சில வளைவுகளில் வெறும் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறார்கள். மேலே சார்ஜ் போட்டால் எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரீஜென் இருந்தாலும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். நடுவில் ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். ஏலகிரி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நின்று பலகையைப் படித்துக்கொண்டே இறங்கினால் பிரேக்கும் ஆறும், பிள்ளைகளுக்கும் பெயர்கள் மனதில் நிற்கும்.

பணம் கட்டும் முன்

ஷோரூம் வாசலில் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. நான் செய்த தவறு அதுதான். நீங்கள் இப்படிச் செய்யுங்கள்.

வீட்டில் யார் பின்னால் உட்காருவார்களோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூடவே சாமானும் வைப்பவர் என்றால் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையையும் சொல்லிவையுங்கள்.

சார்ஜ் முப்பது சதவீதத்தில் இருக்கும் வண்டியைக் கேளுங்கள். நிறைந்த பேட்டரியில் எல்லா வண்டியும் பாயும். குறைந்த சார்ஜில்தான் அதன் உண்மையான பலம் தெரியும்.

மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள். பின்னால் உருளுகிறதா? ஏற்றத்தில் நிறுத்திப் பிடிக்கும் வசதி இருக்கிறதா? என் மகள் விழுந்தது வண்டி நின்றதால் அல்ல, நின்ற பிறகு உருண்டதால்தான்.

தூரம் போய்ப் பார்க்க முடியாவிட்டால் நம் பார்க்கிங் சரிவே போதும். பார்க்கிங் சரிவுகள் பொதுவாக எட்டுக்கு ஒன்று அல்லது பத்துக்கு ஒன்று என்ற அளவில் கட்டப்படும். மலைச் சாலையைவிட அது செங்குத்து. அதன் நடுவில் இரண்டு பேரோடு நின்று கிளம்ப முடியாத வண்டியை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கூட்டத்தில் கேட்டவை

*“அப்படியானால் 25 கிலோமீட்டர் வண்டியே வேண்டாமா?”* என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் வரும் பெரியவர்களுக்கு அது நல்ல வண்டி. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, மேட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள். பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சின்ன வண்டி வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்று தனி லைசென்ஸ் இருக்கிறது. எடுப்பது பெரிய கஷ்டம் இல்லை.

*“மோட்டார் சக்கரத்திலேயே இருந்தால் நல்லதா, நடுவில் இருந்தால் நல்லதா?”* என்பது ஒரு தம்பியின் கேள்வி. ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருக்கிறது, ஏத்தரில் நடுவில் இருந்து பெல்ட் வழியாக இழுக்கிறது. நடுவில் இருந்தால் மெதுவான ஏற்றத்தில் மோட்டார் வேகமாகச் சுற்ற வாய்ப்பு உண்டு. சக்கரத்தில் இருந்தால் பெல்ட், செயின் தொல்லை இல்லை. இரண்டிலும் மலை ஏறும் வண்டிகள் உண்டு. தொடர் சக்தி எண்ணைப் பாருங்கள். எலெக்ட்ரிக் சைக்கிளில் மட்டும் நடு மோட்டார் தெளிவாக மேல். அது சைக்கிள் கியர் வழியாக இழுப்பதால் மேட்டில் சின்ன கியர் போட்டுக்கொள்ளலாம்.

*“சார்ஜ் எங்கே போடுவது?”* இது சங்கம் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒயர் தொங்கவிடுவதை இன்றோடு நிறுத்துவோம். பார்க்கிங்கில் 15 ஆம்பியர் பிளக், அவரவருக்குத் தனி மீட்டர், முறையான எர்த் ஆகியவற்றுக்கு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறேன். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறவர்கள் வாசல் கதவின் ஓரத்திலும் மாடிப்படியிலும் வைக்காதீர்கள். ஏதாவது ஆனால் வெளியே வரும் வழியே அதுதான். மலையிலிருந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வாங்கும்போது பேட்டரி ஏஐஎஸ் 156 தரச் சான்று பெற்றதா என்றும் கேளுங்கள்.

நிறைவாக ஒரு வார்த்தை. என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கை நன்றாக இருக்கிறது. லைசென்ஸ் எடுத்துவிட்டாள். போன மாதம் வீட்டுக்கு இரண்டாவது வண்டி வாங்கப் போனோம். விற்பனையாளர் நிறத்தையும் திரையையும் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “தொடர் சக்தி எவ்வளவு அண்ணா? நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து 128 கிலோ.” அவர் உள்ளே போய்த் தாளைப் பார்த்து வந்துதான் பதில் சொன்னார்.

வண்டி வாங்கப் போகும் நாளில் உங்கள் சட்டைப் பையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். எடை, சரிவு, வாட் என்று மூன்று எண்கள் எழுதியிருந்தால் போதும். எழுதிப் பார்த்துச் சந்தேகம் வந்தால் எந்த நேரமும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.